தாமதம் யாருடையது?

(இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன்)

"வீடியோ கேமைப் பற்றியா கல்லூரி மலரில் எழுதப் போகிறாய்?" என்று வகுப்பு நண்பன் சிரித்தான். சிரிக்கட்டும். விளையாட்டு என்பது பெரியவர்களுக்கு எப்போதும் அற்பப் பொருள்தான். ஆனால் அந்த அற்பப் பொருளின் முன்னால் உட்கார்ந்து ஒரு மனிதர் தம்மைப் பற்றித் தாமே தவறான தீர்ப்பு எழுதிக்கொண்டதை நான் கண்டேன். அந்தத் தீர்ப்பை மாற்ற எனக்கு உதவியது இக்கல்லூரி ஆய்வகத்தில் நான் கற்ற பாடம். ஆகவே, ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் வடுகபட்டி. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போதே பூண்டு வாசனை வரவேற்கும். என் சித்தப்பாவுக்குப் பூண்டு மண்டியில் வேலை. கொட்டிக் கிடக்கும் பூண்டைப் பருமன் பார்த்துத் தரம் பிரிப்பார். கண் பார்க்கும் முன்பே கை பிரித்துப் போட்டுவிடும். அப்படிப்பட்ட கையின் கட்டைவிரலில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூட்டை சரிந்து விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, வைத்தியரும் சரியாகிவிட்டது என்றார். ஆனால் சித்தப்பாவின் மனம் கூடவில்லை. "பழைய வேகம் இல்லப்பா" என்று சொல்லி, கணக்கு நோட்டோடு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார்.

இதே சித்தப்பா 1998-இல், பதினான்கு வயதில், ஊரிலேயே பெயர் பெற்ற மரியோ ஆட்டக்காரர். ஒரு வீட்டுத் திண்ணையில் டிவியோடு விளையாட்டுப் பெட்டியை இணைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுவார்களாம். சித்தப்பா உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடுமாம். இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்.

கடந்த பொங்கலுக்கு எல்லோரும் பெரியப்பா வீட்டில் கூடியிருந்தோம். புதிதாக வாங்கிய 43 அங்குல டிவி கூடத்தை நிறைத்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில் எமுலேட்டர் போட்டு, அதை டிவியோடு இணைத்து, "சித்தப்பா, வாங்க, உங்க மரியோ வந்தாச்சு" என்று கூப்பிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆசையோடு வந்து உட்கார்ந்தார். முதல் காளான் பொம்மையிலேயே முட்டிச் செத்தார். அடுத்த முறை முதல் பள்ளத்தில் விழுந்தார். மூன்றாம் முறையும் அதே பள்ளம். சின்னப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சித்தப்பா கட்டைவிரலை ஒருமுறை பார்த்தார். "பாட்டு வேற வேகமா ஓடுது... வயசாயிருச்சுடா, கை செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. அன்று இரவு எனக்கு எழுந்த கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. தாமதம் யாருடையது? சித்தப்பாவின் விரலுடையதா, விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே நாங்கள் வைத்த கருவிகளுடையதா?

எமுலேட்டர் என்பது என்ன?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985-இல் வந்தது. அந்தப் பெட்டியின் நகல்கள்தாம் பின்னர் மீடியா, மிட்டாஷி என்று பல பெயர்களில் இந்தியக் கடைவீதிகளுக்கு வந்தன. இன்றைய கணினி அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும்படி செய்யும் மென்பொருளே எமுலேட்டர். நல்ல நடிகன் ராஜா வேடம் போட்டால் ராஜாவாகவே தோன்றுவான். ஆனால் மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் சரியில்லை என்றால் அவன் என்ன செய்வான்? எமுலேட்டரின் கதையும் அதுதான். நடிகன் நல்லவன், மேடைதான் கோளாறு.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் வைத்திருப்பது வேறு. விளையாட்டுகளை உரிமையில்லாமல் பிரதி எடுப்பது வேறு. விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. ஆர்வலர்கள் இன்றும் அந்தப் பழைய பெட்டிக்கென்று புதிய விளையாட்டுகளை எழுதி இலவசமாகத் தருகிறார்கள். தொடங்க விரும்புவோர் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

அளந்து பார்த்தோம்

ஆய்வகத்தில் நாம் கற்கும் முதல் விதி என்ன? ஊகிக்காதே, அள. இரண்டாம் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நண்பனின் கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் கேமரா இருந்தது. பொத்தானும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துப் படம் பிடித்தோம். விரல் பொத்தானை அழுத்திய படத்திலிருந்து மரியோவின் கால் தரையை விட்டு எழும்பும் படம் வரை எண்ணினோம். 43 படங்கள். ஏறக்குறைய 179 மில்லிவிநாடி.

இது பெரிய தாமதமா என்று கேட்கலாம். மரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டரைப் புள்ளி நகர்கிறான். திரையில் தெரியும் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. பிரேம் ஒன்றுக்கு 16.7 மில்லிவிநாடி. ஆகவே 100 மில்லிவிநாடி தாமதம் என்றால் ஆறு பிரேம், 15 புள்ளி, கிட்டத்தட்ட ஒரு செங்கல். பள்ளத்தின் விளிம்பில் தாண்டுபவனுக்கு ஒரு செங்கல் தூரம் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம். சித்தப்பா சரியான இடத்தில்தான் அழுத்தினார். மரியோ ஒரு செங்கல் தள்ளித்தான் கேட்டான்.

முதல் குற்றவாளி டிவி. பழைய பிக்சர் டியூப் டிவி, வந்த படத்தை வந்த கணமே கோடு கோடாக வரைந்துவிடும். சேமித்து வைக்க அதற்கு இடமே கிடையாது. இன்றைய டிவியோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறம் ஏற்றி, அசைவை வழவழப்பாக்கி, அதன் பிறகே காட்டுகிறது. சினிமா பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. விளையாடுபவருக்குத்தான் நட்டம். டிவியின் பட அமைப்பில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் இந்த அலங்கார வேலைகள் பெரும்பாலும் நின்றன. மீண்டும் எண்ணினோம்: 24 படங்கள், அதாவது 100 மில்லிவிநாடி. ரிமோட்டில் ஓர் அழுத்து; காசு செலவில்லை; கிட்டத்தட்டப் பாதித் தாமதம் பறந்தது.

அடுத்து, கம்பியில்லாத புளூடூத் கைப்பிடியைக் கழற்றிவிட்டு யு.எஸ்.பி. கம்பி உள்ளதைச் செருகினோம். 21 படங்கள். பிறகே எமுலேட்டரின் உள்ளே கை வைத்தோம். நாங்கள் பயன்படுத்தியது ரெட்ரோஆர்ச் என்னும் இலவச மென்பொருள். அதில் மூன்று இடங்களைத் தொட்டோம்.

முதலாவது, படத்தின் வரிசை. திரை கிழிந்ததுபோல் தெரியாமலிருக்க ‘விசிங்க்’ என்பதைப் போட்டே ஆகவேண்டும். ஆனால் அதைப் போட்டால் படங்கள் ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல் இரண்டு மூன்றாக வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையைக் குறைப்பதற்கே ‘ஹார்டு ஜி.பி.யு. சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டோம்.

இரண்டாவது, ஒலி. ஒலித் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கரகரவென்று சத்தம் கேட்டதும் ஒரு படி திரும்பினோம். கண் பார்த்ததைக் காது அடுத்த கணத்தில் கேட்டால் கை குழம்பிவிடும் என்பதால் இதுவும் முக்கியம்.

மூன்றாவது, 2018-இல் இந்த மென்பொருளில் சேர்ந்த ‘ரன் அஹெட்’ என்னும் வித்தை. விளையாட்டுகளுக்கே உள்ளூறச் சிறு தாமதம் உண்டு. விளையாட்டை நிறுத்தி வைத்து, தாண்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தால் எத்தனையாவது பிரேமில் மரியோ அசைகிறான் என்று தெரியும். எங்களுக்கு இரண்டாவதில் அசைந்தான். ஆக, ஒரு பிரேம் வீண். கணினி அந்த ஒரு பிரேமை மறைவாக முன்னோட்டிப் பார்த்து, விளைவை இப்போதே காட்டிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கணினிக்கு வேலை இரட்டிப்பாகும். ஆசைப்பட்டு ஒன்றுக்குப் பதில் மூன்று என்று வைத்தால் மரியோ தாண்டத் தொடங்கும் அசைவே தெரியாமல் பாதி வானத்தில் நிற்பான். மருந்தும் அளவோடுதான்.

இவை முடிந்தபின் எண்ணியது 14 படங்கள். 58 மில்லிவிநாடி. மொத்தத்தில் மிச்சமான 121 மில்லிவிநாடியில் மரியோ ஓடும் தூரம் 18 புள்ளி, ஒரு செங்கல்லுக்கும் மேலே!

படம் ஏன் கெட்டது?

தாமதத்தோடு படத்தையும் கவனித்தோம். அந்தப் பெட்டியின் படம் 256 புள்ளி அகலம், 240 கோடு உயரம். பழைய டிவியின் நான்குக்கு மூன்று என்ற வடிவத்துக்காக வரைந்தது. அதைப் பதினாறுக்கு ஒன்பது என்ற அகலத் திரை முழுக்க இழுத்தால் மரியோ குண்டாகிவிடுகிறான். போதாக்குறைக்கு ‘மென்மையாக்கும்’ வடிகட்டி அவன் முகத்தில் எண்ணெய் பூசிவிடுகிறது.

இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நம் டிவியின் உயரம் 1080 கோடு. 240-ஐ நான்கால் பெருக்கினால் 960. அகலத்துக்கு 256-ஐ ஐந்தால் பெருக்கினால் 1280. 1280-க்கு 960 என்பது சரியாக நான்குக்கு மூன்று! ஒவ்வொரு புள்ளியும் ஐந்து அகலம், நான்கு உயரம். எந்தப் புள்ளியும் பெரிதுமில்லை, சிறிதுமில்லை. மேலே 60 கோடும் கீழே 60 கோடும் கறுப்பாக நிற்கும். திரையை நிரப்பவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. நிரப்புவதற்காக ஒரு படத்தை இழுப்பது, உயரமாகத் தெரியவேண்டுமென்று ஒருவன் காலைப் பிடித்து இழுப்பது போன்றது.

அதன் மேல் பழைய டியூப் டிவியின் கோடுகளைப் போலக் காட்டும் ‘ஷேடர்’ ஒன்றை மெல்லியதாகப் போட்டோம். இது வெறும் அலங்காரமா? அல்ல. அக்காலத்து ஓவியர்கள் டியூபின் குணம் அறிந்தே வரைந்தார்கள். 1991-இல் வந்த ‘சோனிக்’ விளையாட்டின் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த கோடுகளால் ஆனது. பழைய டிவியில் அவை ஒன்றோடொன்று கலந்து, நீருக்குப் பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடி போலத் தோன்றும். இன்றைய துல்லியமான திரையில் அது வெறும் கம்பி வேலி. தெளிவு அதிகமானால் உண்மை அதிகமாகும் என்பதில்லை.

"அப்படியானால் பழைய டிவியிலேயே விளையாடலாமே?" என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தோம். தமிழக அரசு 2006 முதல் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது, இன்னும் ஓடுகிறது. ஆனால் மடிக்கணினியை அதோடு இணைக்க நடுவே ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். மலிவான மாற்றிப் பெட்டி தன் பங்குக்குத் தாமதத்தையும் நடுக்கத்தையும் சேர்க்கிறது. பழைய விளையாட்டுப் பெட்டியே கையில் உள்ளவர்களுக்கு டியூப் டிவிதான் சொர்க்கம். அவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். மற்றவர்களுக்கு மேலே சொன்ன வழியே போதும்.

பாட்டு வேகமாக ஓடியது

எல்லாம் முடித்துவிட்டுப் பெருமையோடு சித்தப்பாவைக் கூப்பிட்டேன். தயங்கியபடி வந்தார். காளான் பொம்மையை மிதித்தார். முதல் பள்ளத்தைத் தாண்டினார். ஆனால் சிறிது தூரத்தில் மறுபடி தடுமாறி விழுந்தார். கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தேவலடா. ஆனா இந்தப் பாட்டு அவசரமா ஓடுது. மரியோவும் ஓடுறான். எங்க பெட்டியில இப்படி ஓட மாட்டான்."

பொங்கலன்றே அவர் இதைச் சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. வயதானவர் சொல்லும் சாக்கு என்று நினைத்துவிட்டோம். நான் 179-ஐயும் 58-ஐயும் அளந்தேனே தவிர, அவர் சொன்னதை அளக்கவில்லை.

அன்றுதான் யோசித்தேன். ஜப்பானியப் பெட்டி விநாடிக்கு 60 பிரேம் ஓடும். அந்நாட்டு டிவி முறை அப்படி. இந்தியாவில் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது நாம் ஏற்றது ‘பால்’ என்னும் முறை (பசும்பால் அன்று!). அதன் கணக்கு விநாடிக்கு 50. பால் முறை நாடுகளுக்கென்று செய்த நகல் பெட்டிகள், ஜப்பானிய விளையாட்டையே 50 என்ற கணக்கில் ஓட்டின. பாட்டும் ஓட்டமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாயின. திரும்பிப் பார்த்தால், 60-இல் ஓடும் எமுலேட்டர் சித்தப்பாவின் நினைவைவிட நூற்றுக்கு இருபது பங்கு வேகம்! அவர் காது சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாளத்தை விரலில் சுமந்திருக்கிறார். நாங்கள் அதை முதுமை என்று சொல்லிவிட்டோம்.

எமுலேட்டரின் ‘பிராந்தியம்’ என்ற தேர்வில் இதற்கும் வழியிருக்கிறது. ‘டெண்டி’ என்று ஒரு பெயர் இருக்கும். 1992-இல் ரஷ்யாவில் வெளிவந்த நகல் பெட்டியின் பெயர் அது; அங்கும் 50-தான் கணக்கு. அதைத் தேர்ந்தோம். கணினி டிவிக்கு அனுப்பும் படத்தையும் 60-இலிருந்து 50-க்கு மாற்றினோம். மாற்றாவிட்டால் ஐந்து பிரேமுக்கு ஒருமுறை படம் திக்கும். இதனால் ஒவ்வொரு பிரேமும் 3 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமாக நீண்டது என்பது உண்மை. எண்ணில் சிறிது தோற்றோம், தாளத்தில் வென்றோம்.

சித்தப்பா விளையாடினார். பாட்டு தொடங்கியதும் அவர் தலை தானாக ஆடியது. முதல் பள்ளம், இரண்டாம் பள்ளம், படிக்கட்டு, கொடிக்கம்பத்தின் உச்சி! சிரித்த அதே பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் அப்போதும் கட்டைவிரலைத்தான் பார்த்தார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.

என் கருத்து

இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது இரண்டு. முதலாவது, ‘சரியான அமைப்பு’ என்று ஊர் பேர் தெரியாதவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது. ஜப்பானியச் சிறுவனுக்கு 60 சரி. வடுகபட்டித் திண்ணையில் வளர்ந்தவருக்கு 50 சரி. ரஷ்யாவின் நகல் பெட்டிக்குக்கூட எமுலேட்டரில் பெயர் இருக்கிறது. நம் தெருக்களில் ஓடிய பெட்டிகள் எவை, எந்தக் கணக்கில் ஓடின, எப்படித் தெரிந்தன என்பதை நம்மவர்கள் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் விளையாடியவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். கேட்டால் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒருவர் பின்தங்கும்போது அவருக்கும் வேலைக்கும் நடுவே இருப்பதை முதலில் சோதிக்க வேண்டும். நம் வகுப்பிலும் ஒருவன் பதில் சொல்லத் தாமதித்தால் உடனே மந்தன் என்கிறோம். அவன் காதுக்குப் பாடம் எந்த மொழியில், எந்த வேகத்தில் போய்ச் சேருகிறது என்று கேட்பதில்லை. மனிதனைக் குறை சொல்வது எளிது. அதற்குக் கருவி வேண்டியதில்லை. நடுவில் இருப்பதை அளப்பதற்குத்தான் கருவியும் பொறுமையும் வேண்டும். அதோடு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும் காதும் வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் சித்தப்பா கணக்கு நோட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பூண்டுக் குவியலின் முன்னால் உட்கார்ந்தார் என்று அப்பா சொன்னார். அதற்கு மரியோதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. முதல் நாள் கை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியதாம். யாரும் சிரிக்கவில்லையாம்.